அரசுச் செலவில் வீட்டுக்கு வரும் ஆசிரியர்: தகுதி வரம்பை எங்கே வைப்பது?

2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க +2 தேர்ச்சி போதும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கப் பட்டப்படிப்பு வேண்டும் என்று அத்திட்டம் தன்னார்வலருக்கான தகுதியை வகுத்தது. அதற்கு மறுநாள், அக்டோபர் 28 அன்று, ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களே கற்பிக்க வேண்டும், தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் அவர்களுக்கான பணியிடங்கள் இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அடுத்தடுத்த இரண்டு நாள்களில், அரசுப் பணத்தில் கற்பிப்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் வெளிவந்தன.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வெவ்வேறு குழந்தைகளை மனத்தில் வைத்து எடுக்கப்பட்ட முடிவுகள். ஆனால் பள்ளிக்கு வர இயலாமல் வீட்டிலேயே இருக்கும் குழந்தையின் வாசலில் இவை இரண்டும் முட்டிக்கொள்கின்றன. 2012 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத் திருத்தம், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தபடியே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. உரிமையைத் தந்த அந்த வரி, வீட்டுக்கு வந்து கற்பிப்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. வட்டார வள மையம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநராக நான் பணியாற்றிய ஆண்டுகளில் இந்தக் கேள்வி கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்தது. ஒவ்வொரு முறையும், அந்த மாதம் கையில் யார் இருக்கிறாரோ அவரை அனுப்பி வைத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம். அதை ஒரு முடிவு என்று சொல்ல எனக்கு அப்போதும் மனம் வரவில்லை, இப்போதும் வரவில்லை. ஆகவே நம் முன் உள்ள வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இக்கட்டுரையில் முயல்கிறேன்.

வழிகள் நான்கு. சிறப்புக் கல்விப் பயிற்சியையும் அதைப் பெற்றவர்களின் பதிவையும் ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற சிறப்பாசிரியர் மட்டுமே வரலாம் என்பது ஒன்று. ஆசிரியர் பட்டயமோ பி.எட். பட்டமோ பெற்று, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி பெற்றவர் வரலாம் என்பது இன்னொன்று. குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர் போதும் என்பது மூன்றாவது. திட்டம் வகுப்பவர் ஒருவர், நாள்தோறும் கூட உட்கார்ந்து செய்பவர் இன்னொருவர் என்று பொறுப்பை இரண்டாகப் பிரிப்பது நான்காவது. பெற்றோரையே ஆசிரியராகக் கணக்கிடுவதை ஐந்தாவது வழியாகச் சிலர் முன்வைப்பதுண்டு. அதை இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். கடுமையான குறைபாடுள்ள குழந்தையின் தாய் ஏற்கெனவே 24 மணி நேரமும் பணியில் இருக்கிறார். அவருக்கு ஒரு பயிற்சிக் கையேட்டைக் கொடுத்துவிட்டு அரசு தன் கடமையைச் செய்து முடித்ததாகப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளக் கூடாது.

முதலில், யாருக்குக் கற்பிக்கிறோம்?

வீட்டுக் கற்பித்தல் என்ற ஒரே பெயரின்கீழ் மூன்று வகைக் குழந்தைகள் வருகிறார்கள். பகலில் பள்ளிக்குப் போய்வந்து, மாலையில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கழித்தல் கணக்குப் போடவும் உதவி தேவைப்படும் குழந்தை முதல் வகை. நோயாலோ அறுவைச் சிகிச்சையாலோ சில மாதங்கள் பள்ளியை விட்டு விலகியிருக்கும் குழந்தை இரண்டாம் வகை. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளக்கூடியது, அதில் பல மாதங்கள் கூட்டத்துக்குள் போகவே முடியாது. உடல் நிலையால் பள்ளிக்கு வரவே இயலாத குழந்தை மூன்றாம் வகை. முதல் குழந்தைக்குப் பொறுமையும் அன்றாடத் தொடர்ச்சியும் தேவை. இரண்டாம் குழந்தைக்குப் பாட அறிவு தேவை. மூன்றாம் குழந்தைக்கு அந்தக் குறைபாட்டைப் பற்றிய தேர்ந்த அறிவு தேவை. இம்மூன்றையும் ஒரே அரசாணையில் ஒரே தகுதி வரம்புக்குள் அடக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் என்பது என் கருத்து.

பதிவு பெற்ற சிறப்பாசிரியர் மட்டும்

இந்த வழிக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியரை மறுவாழ்வுத் தொழில்முறையாளராகக் கொள்கிறது. மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அத்தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் வீட்டுக்கு +2 தேர்ச்சி பெற்ற ஒருவரை ஆசிரியர் என்ற பெயரில் அனுப்புவது கல்வி முறையில் மட்டுமன்றிச் சட்டத்தின் பார்வையிலும் கேள்விக்குரியது.

சட்டத்தை விடவும் வலிமையான காரணம் ஒன்றை நான் நேரில் கண்டேன். ஒரு கிராமத்தின் கடைசி வீட்டில் மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன் இருந்தான். அடுத்த தெருவில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு நடத்திவந்த கல்லூரிப் பெண், யாரும் சொல்லாமலே, வகுப்பு முடிந்ததும் அவன் வீட்டுக்கு வந்து சிலேட்டை மடியில் வைத்து எழுதக் கற்றுக்கொடுக்க முயன்றாள். மடியைப் பார்க்க அவன் தலையைத் தாழ்த்தியதும் கழுத்து சரிந்தது. கழுத்து போன பக்கம் கையும் போயிற்று. பத்து நிமிடம் போராடிவிட்டு, ஒரு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துப் படுத்த வாக்கில் அவன் வாயில் வைத்தாள். அவனுக்குப் புரையேறியது. அன்புக்கு அவளிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் மெல்லவும் விழுங்கவும் சிரமப்படும் குழந்தைக்குப் படுத்த நிலையில் உணவு தரலாகாது என்பது அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

அடுத்த வாரம் சிறப்பாசிரியர் வந்தார். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் சிறுவனை உட்கார வைத்து, பழைய சேலை ஒன்றைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் கொடுத்து, இடுப்புக்கு இருபுறமும் தலையணை வைத்தார். சிலேட்டை மடியிலிருந்து எடுத்து, கவிழ்த்து வைத்த முறத்தின் மேல் சாய்வாக, அவன் கண் மட்டத்துக்கு நிறுத்தினார். இதெல்லாம் நான்கைந்து நிமிட வேலை. அதுவரை மூடியே இருந்த கை மெல்லத் திறந்தது. இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை அந்த முறம்தான்.

ஆனால் இந்த வழியின் குறைபாடும் அதே வீட்டில்தான் இருந்தது. அந்தச் சிறப்பாசிரியரால் மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அங்கு வர முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத்துக்கு 20 வேலை நாள்கள், நாளொன்றுக்கு இரண்டு வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 20 குழந்தைகளைக் கொண்ட ஒருவரால் ஒரு குழந்தைக்கு மாதம் இரண்டு மணி நேரமே தர முடியும். பள்ளிகளுக்குப் போவது, மருத்துவ முகாம், பதிவேடு, பேருந்துக்குக் காத்திருப்பது எல்லாம் இதில் சேரவில்லை. மாதம் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தேர்ந்த ஆசிரியரும் ஒரு குழந்தைக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட முடியாது. தகுதியை உயர்த்தும்போது மணி நேரம் குறைகிறது. இந்தப் பரிமாற்றத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் உயர்ந்த தகுதியை மட்டும் எழுதிவைக்கும் விதி, குழந்தைக்கு நன்மை செய்வதாகத் தோற்றம் தருகிறதே தவிர அதன் நாளை நிரப்புவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறப்பாசிரியர் என்பது ஒரே தகுதி அன்று. மறுவாழ்வு மன்றத்தின் பட்டயமும் பட்டமும் செவித்திறன், பார்வைத்திறன், அறிவுசார் குறைபாடு என்று பிரிவு வாரியாக வழங்கப்படுகின்றன. செவித்திறன் குறைபாட்டுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர், கண்ணும் காதும் ஒருசேரப் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் முன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். திரும்பும் வழியில் அவர், "சார், என் படிப்பு காது கேளாத பிள்ளைகளுக்கு. இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யணும்னு நானே யாரையாவது கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்" என்றார். காகிதத்தில் அவர் முழுத் தகுதி பெற்றவர். அந்தச் சிறுமிக்கோ அன்று தகுதியுள்ள ஆசிரியர் வரவில்லை. அவர் தன் எல்லையைத் தானே சொன்னது பெரிய நேர்மை. அந்த நேர்மையை நம்பி ஒரு திட்டம் நடக்கக் கூடாது.

அயர்லாந்து எழுதிய விதி

இந்த முதல் வழியைப் போன்றதொரு விதியை வீட்டுக் கற்பித்தலுக்கென்றே எழுதிவைத்திருக்கும் நாடு அயர்லாந்து. அந்நாட்டுக் கல்வித் துறையின் வீட்டுக் கற்பித்தல் மானியத் திட்டத்தில் கற்பிப்பவர் ஆசிரியர் மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சியில் மட்டும், தொடர்புடைய துறையில் பட்ட அளவிலான படிப்புள்ளவரையும் ஏற்கிறார்கள். குழந்தையின் நெருங்கிய உறவினர் இப்பணியைச் செய்யக் கூடாது. காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். ஆட்டிசம் உள்ள அச்சிறு குழந்தைகளுக்கு அவர்கள் தரும் மணி நேரத்தைப் பாருங்கள்: இரண்டரை வயதில் வாரத்துக்கு 10 மணி நேரம், மூன்று வயதுக்கு மேல் 20 மணி நேரம். சற்று முன் நாம் போட்ட கணக்கு மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

அவ்விதியின் தெளிவு எனக்குப் பிடித்திருக்கிறது; குறிப்பாக, பொது விதியையும் விலக்கையும் தனித்தனியே எழுதி, விலக்கு யாருக்கு மட்டும் என்பதையும் வரையறுத்திருப்பது. ஆனால் பதிவு பெற்ற ஆசிரியரைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு அங்கே பெற்றோர் தலையில் விழுகிறது. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் ஆள் கிடைக்காவிட்டால், ஒதுக்கப்பட்ட 20 மணி நேரம் காகிதத்தோடு நின்றுவிடும். படித்த, வசதியுள்ள, நகரத்தில் வாழும் பெற்றோருக்கு ஆசிரியர் கிடைப்பதும் மற்றவருக்குக் கிடைக்காததும் இதன் இயல்பான விளைவு. தமிழ்நாட்டில் இதே விதியை எழுதினால், சென்னையிலும் கோவையிலும் ஓரளவு நடக்கும். ஜவ்வாது மலையில் நடக்காது.

தகுதித் தேர்வு பெற்ற பொது ஆசிரியர்

இரண்டாம் வழியை மூன்றாம் வகைக் குழந்தைக்குப் பரிந்துரைப்பவர்கள் ஒரு கணம் ஆசிரியர் தகுதித் தேர்வின் வினாத்தாளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் தாளில் 150 மதிப்பெண்கள்: குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், மொழிப்பாடம், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்துக்கும் தலா 30. ஒரு வகுப்பறையை நடத்தப் போகிறவருக்கு இது பொருத்தமான அளவுகோல். முறத்தைச் சாய்த்து வைக்கத் தெரியுமா என்பதை இது அளக்காது, அளப்பதற்காக அமைந்ததும் அன்று.

ஆனால் நோயால் பள்ளியிலிருந்து விலகியிருக்கும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பத்தாம் வகுப்பில் மூன்று மாதம் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே கழித்த மாணவிக்கு, கணக்கில் எந்தப் பாடத்தை விட்டால் எதைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தவர் வேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நோயால் பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்குத் தக்க கல்வி ஏற்பாடு செய்வதை உள்ளாட்சியின் கடமையாக்குகிறது. தொடர்ந்தோ விட்டுவிட்டோ 15 நாள்கள் பள்ளிக்கு வர முடியாது என்று தெரிந்தால் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும் என்று அங்குள்ள வழிகாட்டுதல் நாள் கணக்கே குறித்திருக்கிறது. நம் கல்வி உரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு நாள் கணக்கு இல்லை. அதன் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. அந்தத் தடை நியாயமானது. எனினும் நோயுற்ற மாணவரின் வீட்டுக்குச் செல்வதைத் துறையே பணியாக ஒப்படைத்தால் அது தனிப்பயிற்சி ஆகாது. பணியில் உள்ளவரை விடுவிக்க முடியாத இடங்களில், தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றும் பணி நியமனத்துக்காகக் காத்திருப்பவர்களை மணிக்கணக்கு ஊதியத்தில் அழைக்கலாம்.

உள்ளூர்த் தன்னார்வலர்

மூன்றாம் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு குறை சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. முதல் வகைக் குழந்தைகளைப் பொறுத்தவரை, குறைந்த கல்வித் தகுதியுள்ளவர்கள் நல்ல பலன் தருவார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே உறுதியான சான்றுகள் உள்ளன. மும்பையிலும் வடோதராவிலும் 'பால்சகி' என்ற பெயரில், இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளம்பெண்கள், பின்தங்கிய குழந்தைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்துக் கற்பித்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, தேர்வு மதிப்பெண் முதலாண்டில் 0.14 திட்ட விலக்கமும் இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்கமும் உயர்ந்தது (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு). மிகவும் பின்தங்கியிருந்த குழந்தைகளே அதிகம் முன்னேறினார்கள்.

தமிழ்நாட்டின் சான்று இதைவிட அண்மையது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் இங்குள்ள கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தனர். 2019இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்தவர்களோடு ஒப்பிட, 2021 டிசம்பரில் குழந்தைகள் கணக்கில் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தனர். கொரோனாவால் மூடப்பட்டிருந்த பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியின் பங்கு என்று அவர்கள் மதிப்பிட்டனர். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, வாரம் குறைந்தது ஆறு மணி நேரம் என்று கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 40 ரூபாய்க்கு இது கிடைத்திருக்கிறது. அந்தத் தொகை தன்னார்வலரின் உழைப்புக்கு மிகக் குறைவு என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் உலக அளவிலான சான்று ஒரு எச்சரிக்கையும் தருகிறது. தனிக் கற்பித்தல் குறித்த 96 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு, பொதுவாகக் கற்றல் 0.37 திட்ட விலக்கம் உயர்வதாகக் கண்டது. கற்பித்தவர் ஆசிரியராகவோ பயிற்சி பெற்ற துணைநிலைப் பணியாளராகவோ இருந்தபோது பலன் கூடுதலாகவும், ஊதியமில்லாத் தன்னார்வலராகவோ பெற்றோராகவோ இருந்தபோது குறைவாகவும் இருந்தது. அந்த ஆய்வுகள் வசதி படைத்த நாடுகளைச் சேர்ந்தவை என்பதால் எண்களை அப்படியே இங்கு இறக்கிவைக்க முடியாது. ஆசிரியருக்கும் பயிற்சி பெற்ற பணியாளருக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படாததும், பயிற்சியும் பொறுப்பும் இல்லாத இடத்தில் பலன் சரிந்ததும்தான் நாம் கவனிக்க வேண்டியவை. 2020 முதல் 2024 வரை நடந்த இங்கிலாந்தின் தேசியக் கற்பித்தல் திட்டத்திலும், பள்ளிகள் தாமே நடத்திய பிரிவில், ஆசிரியர் தகுதி இல்லாதவர்களுக்கு 11 மணி நேர இணையப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள்.

மேலே சொன்ன சான்றுகள் எவையும் மூன்றாம் வகைக் குழந்தையைப் பற்றியவை அல்ல. 'தன்னார்வலர் முறை வெற்றி பெற்றுவிட்டது, ஆகவே வீட்டிலிருக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் அதையே விரிவாக்கலாம்' என்ற பேச்சைக் கூட்டங்களில் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புரையேறிய அந்தச் சிறுவன் முகம்தான் முன்னால் வரும்.

இருவர் சேர்ந்து செய்வது

நான்காம் வழிக்கு வருகிறேன். அந்தக் கடைசி வீட்டில் சிறப்பாசிரியர் முறத்தைச் சாய்த்து வைத்தபோது கல்லூரிப் பெண்ணும் பக்கத்தில் இருந்தாள். உட்கார வைப்பது, தலையணை வைக்கும் இடம், எந்தக் கோணத்தில் தண்ணீர் தருவது, எப்போது நிறுத்துவது ஆகியவற்றை அவள் கையாலேயே மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. மறுநாளிலிருந்து அவள் நாள்தோறும் ஒரு மணி நேரம் வந்தாள். மாதம் இரண்டு மணி நேரமாக இருந்தது 20 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிறுவன் அவளை 'அக்கா' என்று அழைக்க முயன்று, 'அ' என்ற ஒலியைத் தெளிவாகச் சொன்னான்.

இது ஏதோ ஒரு வீட்டில் தற்செயலாக நடந்தது என்று தள்ளிவிட வேண்டாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பி, வல்லுநர்கள் அவர்களை வழிநடத்துகிற முறையைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் வகுத்த திட்டத்தையும் முன்னேற்றத்தையும் கைப்பேசிச் செயலி வழியாக வல்லுநர் பார்க்கிறார். பணியாளர் தனித்து விடப்படுவதில்லை என்பதே அதன் உயிர்நிலை.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம், முதல் ஆண்டில் இருவரையும் வைத்து, இரண்டாம் ஆண்டில் சிறப்பாசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விட்டு, மூன்றாம் ஆண்டில் உதவியாளரையே 'சிறப்பாசிரியர்' என்று அழைத்துவிடலாம். 2025 மார்ச்சில்கூட, சிறப்பாசிரியர் பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்ததை நினைத்தால், இந்த அச்சம் மிகையானது அல்ல. ஆகவே இருவர் முறையை ஏற்பதாக இருந்தால், யார் எதைச் செய்யலாம் என்ற கோட்டை அரசாணையிலேயே வரைய வேண்டும். குழந்தையை மதிப்பிடுவது, தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவது, அதை மாற்றுவது, உணவூட்டலும் உடல் நிலைப்பாடும் குறித்து முடிவெடுப்பது ஆகியவை பதிவு பெற்றவருக்கு மட்டும் உரியவை. எழுதித் தந்த திட்டத்தைச் செய்வதும் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவதும் உதவியாளருடைய பணி. அப்படி வரைந்தால் மறுவாழ்வு மன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவோடும் மோதல் வராது.

நான் பரிந்துரைக்கும் முடிவு

மாலை நேரக் கற்பித்தலுக்கு +2, பட்டம் என்று இல்லம் தேடிக் கல்வி வகுத்த வரம்பு போதுமானது. சான்றிதழை மட்டும் பார்க்காமல், ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் கற்பிக்கச் சொல்லிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோயுற்ற குழந்தைக்கு ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியர் பட்டயம், அதற்கு மேல் அந்தந்தப் பாடத்தில் பி.எட். என்பதிலிருந்து இறங்கக் கூடாது. 15 நாள் கணக்கை நாமும் எழுதிக்கொள்ளலாம். வீட்டை விட்டு வர இயலாத குழந்தைக்கு இருவர் முறை. அதில் உதவியாளரின் பள்ளிப்படிப்பு எவ்வளவு என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் குறிப்பிட்ட குழந்தையோடு, சிறப்பாசிரியரின் கண் முன்னே குறைந்தது மூன்று அமர்வுகளைச் செய்துகாட்டி ஒப்புதல் பெற்றவரா என்பதே தகுதி. ஒரு குழந்தைக்குப் பெற்ற ஒப்புதல் அடுத்த குழந்தைக்குச் செல்லாது. அவருக்குத் தரப்படுவது ஊக்கத்தொகையாக இல்லாமல், மணிக்கணக்கில் கூலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார், குழந்தை மறுபடியும் ஒரு புதுக் கையைப் பழக வேண்டியிருக்கும்.

கல்வித் தகுதி எங்கே எப்படி மாறினாலும் பாதுகாப்பில் மட்டும் எல்லோருக்கும் ஒரே வரம்புதான். பேச இயலாத, எழுந்து நகர இயலாத ஒரு குழந்தையின் வீட்டுக்குள் ஒருவரை அரசு அனுப்புகிறது. காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று, அமர்வின்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பது, கதவு திறந்திருப்பது, முன்னறிவிப்பில்லாமல் மேற்பார்வையாளர் வந்து பார்ப்பது ஆகிய நான்கும் முனைவர் பட்டம் பெற்றவருக்கும் +2 படித்தவருக்கும் ஒன்றுபோலவே பொருந்த வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அரசாணையும் நிதி ஒதுக்கீடும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பணியாற்றும் சிறப்பாசிரியர் எந்தப் பிரிவில் பயிற்சி பெற்றவர் என்பதையும், அவர் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன குறைபாடு என்பதையும் எதிரெதிரே எழுதிப் பார்க்க வேண்டும். பொருந்தாத இடங்களில் பக்கத்து வட்டாரத்துச் சிறப்பாசிரியரோடு மாதம் இரண்டு நாள் மாற்றிக்கொள்ளலாம். பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் ஆலோசனையைக் கேட்கலாம். நான் பணியாற்றிய இடத்தில் ஆசிரியர் பதிவேடும் குழந்தைகள் பதிவேடும் ஒரே அலமாரியில்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.